கோப்பை கழுவியவன் குதிரை ஏறிய கதை

எண்பதுகளின் நடுவில் நான் பாரிசில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சாப்பிட வந்த ஒரு மடாம் குசினிக்குள் எட்டிப்பார்த்தார். என் முகத்தைக் கண்டு கைதட்டினார். நூறு வருடத்துக்கு முந்திய ஆஸ்திரேலியப் பூர்வகுடி ஓவியர் ஒருவரைப் பற்றிப் படம் எடுக்கிறாராம். வெள்ளைக்காரரின் பண்ணையில் குதிரையேறி மாடு மேய்த்தவர். மையால் படம் வரைந்து விற்றவர். பெற்ற பிள்ளைகளை அரசாங்கத்திடம் பறிகொடுத்தவர். "நடிப்பு வேண்டாம், உன் நிறம் போதும்" என்றார் மடாம். அடடா, பிறவிப் பயன்!

யாழ்ப்பாணத்தில் இருந்த என் மகளின் விசாவுக்காகத் தனக்குத் தெரிந்த அதிகாரியிடம் பேசுவதாகவும் சொன்னார். நான் ஊரைவிட்டு வெளிக்கிடும்போது தவழ்ந்தவள் அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். லா சப்பலில் என்னோடு அறையில் இருந்த அண்ணை கேட்டுவிட்டுச் சிரித்தார். "ஆடு நனையுதெண்டு ஓநாய் அழுகுது. நம்பாதையடா." எனக்கு நம்புவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை.

ஓவியர் வரைந்த படங்களை மடாம் காட்டினார். மாடுகளுக்கு உயிர் இருந்தது. முதலாளிமாருக்கு ஆளைவிடத் தொப்பி பெரிதாக இருந்தது. மனுசன் சரியான நக்கல்காரர், எனக்குப் பிடித்துப்போனது.

சைக்கிளைத் தவிர எதிலும் ஏறாத என்னைக் குதிரையில் ஏற்றினார்கள். குதிரைக்கும் எனக்கும் கடைசிவரை ஒத்துவரவில்லை. கமெராவுக்கு முன்னால் நான் வரைந்த மாடு பன்றியாக வந்தது. "என்ன கள்ளமில்லாத கலை!" என்று மடாம் உருகினார். ஓவியர் இருந்திருந்தால் மைப்போத்தலால் எறிந்திருப்பார்.

பிறகு பிள்ளைகளைப் பறிக்கும் காட்சி. "உன் மொழியில் கத்து. எந்த மொழியென்று யாருக்குத் தெரியப்போகிறது?" என்றார் மடாம்.

"என்ரை பிள்ளையை விடுங்கோடா!" என்று கத்தினேன். மடாம் நிறுத்தச் சொன்ன பிறகும் என்னால் நிறுத்த முடியவில்லை.

ரூ பஜோல் தெருப் பக்கம் ஒரு மண்டபத்தில் படத்தைப் போட்டார்கள். முடிந்ததும் ஒரு பேராசிரியர் எழும்பி, அழிந்துபோன ஆதிமொழியின் ஓசையை இன்றுதான் கேட்டேன் என்று கண்ணைத் துடைத்தார். நான் பக்கத்தில் இருந்த அண்ணையைப் பார்த்தேன்.

"விசரன், உது பருத்தித்துறைத் தமிழெல்லோ" என்றார் அண்ணை. அவர் சிரிக்கவில்லை.

வாசலில் மடாமை மறித்து விசாவைப் பற்றிக் கேட்டேன்.

"யாருக்கு விசா?"

"என் மகளுக்கு."

"அட, உனக்குப் பிள்ளை இருக்கிறதா?" என்று மடாம் என் தோளில் தட்டினார். "அதுதான் அவ்வளவு நன்றாக அழுதிருக்கிறாய்!"