நூம்பல் சைட்டில் ஒரு ஹெல்மெட் கத்தியபோது

நான் வாழும் கனடா நகரத்தில் கான்கிரீட்டுக்குப் போர்வை போர்த்துகிறார்கள். புதிதாய்ப் போட்ட தளத்தின் மேல் இரண்டு பேர் ஆளுக்கொரு முனையைப் பிடித்து, தூங்கும் பிள்ளைக்குப் போர்த்துவதுபோல் மெதுவாக விரிப்பார்கள். உறைந்துவிட்டால் கான்கிரீட் சரியாக இறுகாது. பல்கலைக்கழகத்துக்கு நடந்து போகும் வழியில் இதைக் கண்டால் இன்றைக்கும் சற்று நின்றுவிடுகிறேன். கட்டுமானப் பொறியியல் பேராசிரியையாக இதைப் பற்றி வகுப்பெடுப்பவள் நான். ஆனாலும் கண்ணுக்குப் பழகவில்லை. நம் ஊரில் தளம் போட்ட மறுநாள் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவோம், தூணுக்கு ஈரச்சாக்கு சுற்றுவோம். அங்கே குளிப்பாட்டுகிற பிள்ளையை இங்கே போர்த்துகிறார்கள்.

சென்னை முகப்பேரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்புகள் எழும்பிய காலத்தில் என் அம்மா அங்கே சித்தாள். அவருடைய பெற்றோர் வயலில் கூலிக்குப் போனவர்கள். வயலெல்லாம் மனையானதும் அம்மா சிமெண்ட் சட்டி தூக்கப் போனார். எங்கள் வீடு மேனாம்பேட்டில். பள்ளி இல்லாத நாட்களில் அண்ணன் ஏழுமலையும் நானும் அம்மாவோடு போய் மணல் குவியலில் கிடப்போம். அண்ணனுக்கு மண் அள்ளும் வண்டிகள் மேல்தான் கண். எனக்கு வேறு யோசனை. ஒரே ஆட்கள், ஒரே செங்கல். ஒரு கட்டடம் கிடுகிடுவென முடிகிறது, பக்கத்துக் கட்டடம் ஏன் பாதியில் நிற்கிறது? அண்ணன் பொக்லைன் ஓட்டக் கற்றுக்கொண்டான். நான் அந்தக் கேள்வியை வைத்தே படித்து, அதையே ஆராய்ச்சியாக்கி, கடல் தாண்டிவிட்டேன்.

வந்த புதிதில் ஒரு கட்டுமானத் தளத்தில் தெரியாமல் ஃபோர்மேனின் வழியில் குறுக்கே போய்விட்டேன். பதறிப்போய் மன்னிப்புக் கேட்டதும், "யூ ஆர் குட்," என்றார் அந்த ஆள். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. வந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் நான் நல்லவள் என்று கண்டுபிடித்துவிட்டாரே! வீட்டுக்கு வந்து கணவரிடம் பெருமையாகச் சொன்னேன். அவர் எனக்கு முன்பே இங்கே வந்தவர். "பரவாயில்லை, நகரு என்பதைத்தான் இங்கே அப்படிச் சொல்வார்கள்," என்று சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார்.

அந்தத் தளங்களில் எனக்குப் பிடித்தது காலைக் கூட்டம். வேலை தொடங்கும் முன் எல்லோரும் வட்டமாக நின்று, இன்றைக்கு எங்கே ஆபத்து என்று பேசுவார்கள். "இது எனக்குச் சரியாகப் படவில்லை," என்று யாரும் சொல்லலாம், முறைக்க மாட்டார்கள். அங்கேதான் என் ஆராய்ச்சிக் குழு உருவாக்கிய பாதுகாப்புக் கருவியை முதலில் சோதித்தோம். ஹெல்மெட்டின் உள்ளே மாட்டும் சிறு பட்டன் அது. பெரிய இயந்திரம் அருகில் வந்தால் ஹெல்மெட்டும் கத்தும், ஓட்டுநரின் காதருகிலும் கத்தும். அது நன்றாக வேலை செய்தது. நம் ஊரிலும் செய்யுமா என்று பார்க்க, ஒரு பருவம் விடுப்பு எடுத்துக்கொண்டு சென்னைக்கு வந்தேன்.

நூம்பலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணனின் பொக்லைன் அங்கே ஓடியதால் அந்த சைட்டையே கேட்டு வாங்கினேன். முதல் சில நாட்கள் பள்ளம் முழுக்க ஒரே கூச்சல். பிறகு ஹெல்மெட்டுகள் ஊமையாகிவிட்டன. பேட்டரி போய்விட்டதோ என்று என்னிடம் மிச்சமிருந்த பட்டன்களைச் சோதித்தேன்; அவற்றில் குறையில்லை. சைட்டில் கேட்டால் ஆளாளுக்கு வேறு பக்கம் பார்த்தார்கள். அன்று மாலை வீட்டில் அண்ணனைப் பிடித்தேன்.

"ண்ணா, ஹெல்மெட்டு ஏன் கத்தவே மாட்டேங்குது?"

அண்ணன் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்தபடியே சொன்னான். "பட்டன கயட்டி டீக்கட டப்பாவுல போட்டு வெச்சிகீறாங்க."

"ஏன்?"

"அது கத்துனா ஆபீசு டிவில பேரு வருது பாப்பா. சித்தாள் மல்லிகா பேரு அடிக்கடி வந்துச்சா, வேல செய்ய வந்தியா, ஊரு சுத்த வந்தியான்னு எல்லார் எதுர்லயும் கேட்டுட்டான் சூப்பர்வைசரு. அப்பறம் எவன் மாட்டுவான்?"

"நீயாவது எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?"

"அவ்ளோ தூரத்துலேர்ந்து ஆசயா தூக்கினு வந்துகீறே. எப்டி சொல்றது, சொல்லு?"

எனக்குத் தெரியாமலே கருவியின் கணக்கை அலுவலகத் திரையோடு இணைத்திருந்தார்கள். கனடாவில் தொழிற்சங்கம் முதலிலேயே உட்கார்ந்து பேசி, பெயர் எங்கும் போகாது என்று முடிவு செய்திருந்தது. இங்கே அதைப் பேச யாரும் இல்லை. மறுநாள் திட்ட மேலாளர் சுந்தரமூர்த்தியிடம் போனேன். திரையை அணைக்கச் சொன்னால் அவர் என்னைச் சைட்டை விட்டே போகச் சொல்லலாம். என் விடுப்பு வீணாகும். அதைவிட, பேராசிரியையின் அண்ணன் என்று ஏழுமலை மேல் யாராவது கோபத்தைத் திருப்பினால்? அந்த வண்டியை நம்பித்தான் அவன் குடும்பம். ஆனாலும் கேட்டுவிட்டேன்.

"பேரு தெரியலன்னா ஹெட் ஆபீசுக்கு நான் என்ன மேடம் பதில் சொல்றது?" என்றார் அவர்.

"பேரு தெரியற வரைக்கும் எல்லா பட்டனும் டீக்கடையிலதான் சார் இருக்கும். டீ மாஸ்டர் மட்டும் பத்திரமா இருப்பாரு."

சிரித்துவிட்டார். பிறகு ஜன்னல் வழியாகப் பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "முன்னாடி ஒரு சைட்ல வண்டியில அடிபட்ட ஒருத்தர நான் தூக்கிட்டுப் போயிருக்கேன் மேடம்," என்றார் மெதுவாக. "இந்த மழைக்காலம் முடியற வரைக்கும் உங்க வழியில பாக்கலாம்."

மறுநாள் காலையில் எல்லோர் முன்னாலும் திரையின் வயரை அவரே பிடுங்கினார். "இனிமே இது கத்துனா உங்களுக்கும் டிரைவருக்கும் மட்டும்தான். ஆபீசுக்குப் போகாது," என்றேன். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்கு அவர்களில் ஒருவர் இந்தியில் சொன்னார். மல்லிகா முன்னால் வந்தாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

பட்டனை வாங்கி ஹெல்மெட்டில் மாட்டிக்கொண்டாள். மற்றவர்களும் வந்து வாங்கினார்கள்.

ஒரு மதியம் மழை கொட்டியது. தகரக் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தேன். அண்ணன் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டிருந்தான். சிமெண்ட் மூட்டைகளை மூட, தார்ப்பாயைத் தலையில் போட்டுக்கொண்டு மல்லிகா ஓடி வந்தது அவனுக்குத் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. கத்தினேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. வண்டி ஒரு குலுக்கு குலுக்கி நின்றது. அதன் இரும்புப் பட்டைக்கும் அவளுக்கும் நடுவே கை நீட்டும் தூரம்தான்.

"இன்னா அண்ணாத்தே! பின்னாடி ஆளு கீதான்னு பாக்க மாட்டியா?"

"உன் தலையிலதானே அது கத்துது? உனுக்கு கேக்கலியா?"

"மழையில இன்னா கேக்கும்? உனுக்கு கேட்டுச்சில்ல, வுடு!"

அண்ணன் இறங்கினான். அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டான். திட்டிக்கொண்டிருந்தவளும் அதைப் பார்த்ததும் அடங்கிப்போனாள். தார்ப்பாயின் ஒரு பக்கத்தை அவன் தலைக்கு மேல் பிடித்தாள். "எனுக்கு ஒண்ணும் ஆவல. எந்திரி, டீ குடிக்கலாம் வா," என்றாள்.

அன்று இரவு அண்ணன் சாப்பிட்டு எழுந்தான். கை கழுவிவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். "நீ இன்னா படிக்கிறேன்னு இத்தினி வருசமா எனுக்கு தெர்யாது பாப்பா. கேக்குறவங்க கிட்ட, பெரிய படிப்புன்னு சொல்லிக்குவேன். இன்னிக்குதான் தெர்ஞ்சிது."

கட்டுமானத் திட்டத்தின் வெற்றியைக் காலம், செலவு, தரம் என்று அளக்கிறது எங்கள் துறை. அந்த வரிசையை வகுப்பில் இப்போதும் எழுதுகிறேன். எழுதும்போது சேற்றில் உட்கார்ந்திருந்த அண்ணனும், அவனுக்குத் தார்ப்பாய் பிடித்த மல்லிகாவும் மனதில் வந்துவிடுகிறார்கள். மழைக்காலம் முடிந்தும் அந்தத் திரையை யாரும் மாட்டவில்லை. நான் திரும்பிவந்த பிறகு, அடுத்த சைட்டிலும் இப்படியே செய்யப்போவதாகச் சுந்தரமூர்த்தி செய்தி அனுப்பினார். வேலையில் இதைவிட எனக்கு என்ன வேண்டும்?

போன வாரம் ஒரு காலை, நூம்பல் பக்கம் கனமழை என்று கைபேசி சொன்னது. அங்கே அப்போது மாலை. அண்ணனை அழைத்தேன்.

"வண்டிய நிறுத்திட்டு எல்லாம் ஷெட்டுல குந்தினுகீறோம். நீ கெளம்பு, காலேஜுக்கு நேரமாச்சில்ல?"

நிம்மதியாகக் கிளம்பினேன். சிக்னலில் பக்கத்தில் நின்ற ஒரு பெண்மணி என் தலைக்கு மேலே பார்த்தார். பிறகு வானத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேகமே இல்லாத நீலம்; தெருவெல்லாம் பளிச்சென்று காலை வெயில். நான் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.