ஃபோர்மனின் அக்காவுக்கு ஒரு பூசை

கணினித் திரையில் பழைய ஞானஸ்நானப் பதிவேட்டின் பக்கம் வரவேண்டிய இடத்தில் ஒரு சாம்பல் நிறக் கட்டமும் அதற்குள் சின்னப் பூட்டும் வந்து நின்றன. ஃபோர்மன் அந்தப் பூட்டை விரல் முட்டியால் தட்டினார். அவர் எங்களுக்கு மேற்பார்வையாளராக இருந்த பாண் தொழிற்சாலையில், ரொட்டி வேகும் அடுப்பின் கண்ணாடிக் கதவை இப்படித்தான் தட்டுவார். உள்ளே பாண் கருகுகிறது என்று எங்களுக்கு விளங்கிவிடும். இங்கே தட்டி யாருக்கு விளங்கப் போகிறது?

"உது திறக்காது," என்றேன்.

"எனக்குக் கண் தெரியாதெண்டு நினைச்சியோ? ஏன் திறக்காதெண்டு போய்க் கேள்."

அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் விழுந்தபடி எங்கள் பேச்சில் எழுதுகிறேன். தெரியாத ஒருவரிடம் போய்க் கேட்பதென்றால் எனக்கு வாய் எழும்பாது. அது அவருக்கு நன்றாகத் தெரியும், தெரிந்துதான் அனுப்புவார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கனடாவுக்கு வந்து ஸ்காபரோவில் எனக்குக் கிடைத்த முதல் வேலை அவருக்குக் கீழேதான். சத்தம் போடுவார், ஆனால் ஆளை விட்டுக்கொடுக்க மாட்டார். அவர் ஓய்வு பெற்று, கார் ஓட்டுவதையும் விட்ட பிறகு, சனிக்கிழமைகளில் வம்சவரலாறு தேடுகிறவர்களுக்கென்று இருக்கும் ஓர் அறைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போவது என் வேலையாயிற்று. சில பக்கங்களை வீட்டுக் கணினியில் பார்க்க முடியாது, அங்கே போனால்தான் திறக்கும் என்றார்கள். அங்கே போனோம். அங்கேயும் திறக்காதவை இருந்தன.

அவர் தேடியது ஒரேயொரு பெயரை. அவருடைய தாய் ஸ்கொட்லாந்திலிருந்து வந்தவர்; எங்களைப் போலக் கத்தோலிக்கர். சாகும் தறுவாயில்தான் மகனிடம் சொல்லியிருக்கிறார்: கலியாணத்துக்கு முதல் தனக்கு ஒரு பெண்பிள்ளை பிறந்தது, ஞானஸ்நானம் கொடுத்த கையோடு பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள் என்று. பங்குக் கோவில் எது என்று சொன்னவர் பிள்ளையின் பெயரைச் சொல்லவில்லை. அழுகையில் அந்தச் சொல் வரவில்லை என்றார் ஃபோர்மன். "அவளின்ர பேரைக் கண்டுபிடிச்சு ஒரு பூசை ஒப்புக்கொடு" என்பதுதான் தாயின் கடைசி வேண்டுகோள்.

முதல் சனிக்கிழமை எங்களுக்குப் பெரிய சந்தோஷம். அந்தக் கோவிலின் பெயர் அட்டவணையில் தாயின் ஞானஸ்நானமே இருந்தது. தகப்பன் பெயர், ஞானத்தாய் பெயர், தேதி எல்லாம் இருந்தன. அப்படியே கீழே இறங்கினால் பிள்ளையும் வந்துவிடும் என்று நம்பினோம். சில வருடங்கள் அட்டவணையில் இல்லவே இல்லை. புத்தகம் ஈரம் பட்டதோ, எழுதியவர்கள் தாண்டிப் போனார்களோ, யாருக்கும் தெரியவில்லை. அதற்குப் பிந்தியவை பூட்டின வருடங்கள்; தாய் சொன்ன கணக்கில் பிள்ளை பிறந்தது அவற்றில்தான். ஞானஸ்நானம் நடந்து நூறு வருடம் ஆகாமல் காட்ட மாட்டார்களாம். அரசாங்கப் பிறப்புப் பதிவிலும் தாயின் பெயரில் ஒன்றும் அகப்படவில்லை.

ஸ்கொட்லாந்தில் உள்ள ஆவணக் காப்பகத்துக்கு எழுதினோம். பதில் மரியாதையாகத்தான் வந்தது. சம்பந்தப்பட்ட ஆள் தானே கேட்டால் தருவோம். ஆள் இறந்திருந்தால் மரணச் சான்றிதழை அனுப்புங்கள். ஃபோர்மன் அதை மூன்று முறை வாசித்துவிட்டு மேசையில் அடித்தார்.

"செத்த சான்றிதழ் எடுக்கப் பேர் வேணும். பேர் அவங்கட புத்தகத்துக்குள்ள கிடக்குது. புத்தகத்தைத் திறக்கச் செத்த சான்றிதழ் வேணும். எந்த விசரன் யோசிச்ச வழி உது?"

உயிருள்ளவர்களின் அந்தரங்கத்தைக் காப்பதற்கான விதி என்று விளக்கினார்கள். அது நியாயம் என்று எனக்கும் விளங்குகிறது. விளங்குவதால் கோபம் குறையவில்லை. புத்தகம் இருக்கிறது, பக்கத்தைப் படம் பிடித்தும் வைத்திருக்கிறார்கள், பெயர் அங்கே மையில் கிடக்கிறது. பார்க்க வேண்டியவருக்கோ எண்பது வயதை எட்டுகிறது. பூட்டுத் திறக்க இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. அதுவரை அவர் இருக்க வேண்டுமே.

என் மனைவி ஒரு வழி சொன்னாள். "மேரி எண்டு சொல்லிவிடுங்கோ. அந்தக் காலத்தில எல்லாரும் மேரிதானே. மனிசன் நிம்மதியாப் போகட்டும்." பாரம் குறைந்த பாணைக் கையில் எடுத்த உடனே கண்டுபிடிக்கிற மனிதருக்குப் பொய்ப் பெயர் கொடுக்க எனக்குத் துணிவில்லை.

போன மாதம், பெயர் இல்லாமலாவது அக்காவுக்காக ஒப்புக்கொடுப்போம் என்று, அவரை எங்கள் தமிழ்ப் பூசைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். யார் யாருக்காகப் பூசை என்று வாசலில் பெயர் பதிகிற அன்ரி நான் கொடுத்த காகிதத் துண்டைத் திருப்பிப் பார்த்தார்.

"தம்பி, பேர் எழுதேல்லையே?"

"பேர் தெரியாது அன்ரி."

"செத்தவவோ, இருக்கிறாவோ?"

"அதுவும் தெரியாது."

"நல்ல கதை! அப்ப ஃபாதர் என்னத்தை வாசிக்கிறது?"

எனக்குப் பின்னால் வரிசை நின்றது. "அந்த இடத்தில கொஞ்சம் நிப்பாட்டச் சொல்லுங்கோ," என்றேன்.

அன்ரி சொல்லியிருக்க வேண்டும். ஃபாதர் பெயர்களை ஒரே மூச்சில் வாசித்துக்கொண்டு வந்து, ஓரிடத்தில் நிறுத்தினார். யாரோ இருமினார்கள். ஃபோர்மனுக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. தலையை நிமிர்த்தி என் கையைப் பிடித்தார்.

"இப்ப நிப்பாட்டினது… அது அவளோ?"

"ஓம்."

ஃபாதர் அடுத்த பெயருக்குப் போய்விட்டார். ஃபோர்மன் என் கையை விட்டார். பிறகு, பக்கத்து வரிசையும் திரும்பிப் பார்க்கும்படி சொன்னார்:

"உது காணாது. பேர் வேணும். சனிக்கிழமை எத்தினை மணிக்கு வாறாய்?"