செல்வத்தின் பெயரில் ஓடிய பால் மெஷின்கள்

1. விழாவுக்கு மறுநாள்

ஒத்தக்கடையில் ஒரு தனியார் பால் நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவைப் பல வருடம் பார்த்துக்கொண்டவள் நான். என்னோடு வேலை பார்த்த செல்வம் வேறு கம்பெனிக்குப் போனான். வழியனுப்பு விழா முடிந்த மாலையே, கம்பெனி விவரமெல்லாம் இணையத்தில் சேரும் இடமான கிளவுடில் அவனுக்கிருந்த அக்கவுண்ட்டை முடக்கினேன். விதி அது. விதிப்படி நடப்பதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மறுநாள் காலை ஆறரைக்கு, உசிலம்பட்டிப் பக்கம் கொள்முதல் மையம் நடத்தும் பேச்சியம்மாள் கூப்பிட்டாள்.

"அக்கா, மெஷினு சீட்டு தர மாட்டேங்குது. சீட்டு இல்லாம ஏத்த மாட்டேன்னு டேங்கர்க்காரரு நிக்கிறாரு. இம்புட்டுப் பாலையும் வெயில்ல வச்சுக்கிட்டு நான் என்ன செய்ய?"

எல்லா மையத்திலும் இதே கதை. பாலை அளந்த மெஷின் அந்த விவரத்தைக் கிளவுடுக்கு அனுப்பினால்தான் சீட்டு வரும். அனுப்புவது யார் என்று நிரூபிக்க மெஷினுக்குள் ஒரு ரகசியக் கீ இருக்கும். செல்வத்துக்குப் போன் போட்டேன்.

"ஆரம்பத்துல அவசரத்துக்கு என் கீயைப் போட்டேங்க்கா. அப்புறம் மாத்திக்கலாம்னு விட்டுட்டேன்" என்றான்.

அந்த 'அப்புறம்' வரவே இல்லை. இத்தனை வருடமும் எல்லா மெஷின்களும் செல்வமாகவே பேசிக்கொண்டிருந்திருக்கின்றன. நானும் ஒருநாள்கூடக் கேட்கவில்லை. அக்கவுண்ட்டைத் திரும்பத் திறந்தேன். பால் கெடுவதற்குள் டேங்கர் கிளம்பியது.

2. 'ஓடுதுல்ல, விடுங்க'

மேனேஜருக்கு நிம்மதி. "அதான் ஓடுதுல்ல, அப்படியே விடுங்க" என்றார்.

"போன ஆளோட கீ சார் இது. எந்தெந்த லேப்டாப்புல காப்பி கெடக்குன்னு அவனுக்கே தெரியாது. கையில கெடச்சவன் எந்த மையத்து அளவையும் மாத்தலாம். வீட்டுச் சாவியத் தெருவுல போட்டுட்டுத் தூங்கச் சொல்றீங்களா?"

கோபம் வந்தால் என் குரல் ஏறும். அன்று நன்றாகவே ஏறியது. கீயை மாற்ற ஒரு மாதம் அவகாசம் கிடைத்தது.

ஒவ்வொரு மெஷினுக்கும் தனி அடையாளம் கொடுத்தோம். பேச்சியம்மாளின் மெஷின் தன் மையத்துப் பாலை மட்டும் எழுதலாம். அடுத்த மையத்தைத் தொட முடியாது. நிரந்தரக் கீ கிடையாது. ஒரு மணி நேரமே செல்லும் டோக்கன் என்ற தற்காலிகக் கீயை மெஷினே அவ்வப்போது புதுப்பித்துக்கொள்ளும்.

பிறகு, பால் வரும் நேரமாகப் பார்த்து, பேச்சியம்மாள் பக்கத்தில் நின்றுகொண்டே செல்வத்தின் அக்கவுண்ட்டை மூடினேன். சீட்டு வந்தது.

3. என் முறை

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். எவ்வளவு அவசரமானாலும் மெஷினுக்கு உங்கள் பெயரைக் கொடுக்காதீர்கள்.

ஓய்வு பெறும் நாளில், விழாவுக்குக் காத்திருக்காமல் காலை ஆறு மணிக்கே என் அக்கவுண்ட்டை நானே முடக்கினேன். என் பெயரில் ஓடும் எதுவும் நின்றால், சரிசெய்ய அன்றைக்கு மட்டுமாவது ஆபீசில் இருப்பேனே என்ற எண்ணம். ஆறரைக்குப் பேச்சியம்மாளைக் கூப்பிட்டேன்.

"சீட்டு வருதா?"

"வருதேக்கா. ஏன், வராம எங்க போகும்?"

நான் இல்லாமலும் ஓடுகிறதே என்று ஒரு நொடி சுருக்கென்றது. அடுத்த நொடியே சந்தோஷம் தாங்கவில்லை.

"வைக்கட்டுமாக்கா? பாலோட ஆளுக நிக்கிறாக."

"வையி" என்றேன்.