பதினொரு வீட்டுக்கு ஒரு தாச்சி ரொபி

சுனாமிக்குப் பிறகு வந்த முதல் தீபாவளிக்கு, நாவற்குடாவில் எங்கள் வரிசையில் இருந்த பன்னிரண்டு தகரக் கொட்டில்களில் பலகாரம் செய்யும் தகுதி ஒரே ஒரு வீட்டுக்குத்தான் இருந்தது. அது எங்கள் வீடு. அந்த வரிசையிலேயே பலகாரம் செய்யத் தெரியாத ஒரே பெண் நான்.

தகுதி வந்த விதத்தைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. கடல் வந்த ஞாயிற்றுக்கிழமை நானும் கணவரும் இரண்டு மகள்மாரும் கிரானில் என் அண்ணன் வீட்டில் இருந்தோம். தேற்றாத்தீவில் இருந்த எங்கள் வீடு போனது. ஆட்கள் போகவில்லை. மற்றப் பதினொரு கொட்டில்களிலும் குறைந்தது ஒருவராவது போயிருந்தார்கள். யாராவது "உங்கட வீட்டில ஆரு?" என்று கேட்டால், என் கணவர் களவெடுத்துப் பிடிபட்டவர் போலத் தலையைக் குனிந்து, "எங்கட வீட்டில... வீடுதான்" என்பார்.

செத்த வீட்டில் ஒரு வருசத்துக்குப் பண்டிகைப் பலகாரம் செய்வதில்லை. வேறு வீட்டார் கொண்டுவந்து கொடுத்தால் வாங்கிச் சாப்பிடலாம். ஆக, வாங்கிச் சாப்பிடப் பதினொரு வீடு. செய்து கொடுக்க நான் ஒருத்தி. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பக்கத்துக் கொட்டில் அக்கா விடவில்லை. கடலுக்குப் புருசனைக் கொடுத்தவ. அதற்கு முதல், ஊரில் எந்தக் கலியாண வீடென்றாலும் பலகாரத்துக்கு அவவைத்தான் கூப்பிடுவார்கள்.

"புள்ள, சின்னனுகள் வாயில வைக்க இனிப்பு இல்லாம தீபாவளி வரப்படாது. நீ தேங்காய் ரொபி கிண்டு. தேங்காய்ப்பூவும் சீனியும்தானே, இறுக்கி வெட்டினாச் சரி."

"எனக்குத் தெரியாதே அக்கா."

"நாங்க சொல்லித் தாறம். அடுப்பில இருக்கிற தாச்சியத் தொடத்தான் எங்களுக்கு ஏலா. வாய்க்கு ஆரு தடை போட்டது?"

தீபாவளிக்கு முதல்நாள் காலையிலேயே ஒவ்வொரு கொட்டிலிலும் இருந்து நிவாரணச் சீனி பைபையாக வந்து சேர்ந்தது. அண்ணன் கிரானிலிருந்து சைக்கிளில் ஒரு சாக்குத் தேங்காய் கொண்டுவந்தார். சோதனைச் சாவடியில் ஆமிக்காரன், உள்ளே குண்டு இருக்குமோ என்று, ஒவ்வொரு தேங்காயையும் காதுக்குப் பக்கத்தில் வைத்து ஆட்டிப் பார்த்தானாம். "நல்ல தேங்காய் பொறுக்கிறவன்போலப் பாத்தான், ஒண்டுகூட அழுகல் இல்ல" என்று அண்ணன் சந்தோசப்பட்டார்.

மகள்மார் இருவரும் தேங்காய் திருவ, கணவர் கொப்பியும் பேனையுமாக வந்து உட்கார்ந்தார். அவர் ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவர்; அளவில்லாமல் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். ஒரு தேங்காய்க்கு எவ்வளவு சீனி என்று வாசலில் கூடிநின்ற பெண்களிடம் கேட்டார். ஐந்து பேர் ஐந்து அளவு சொன்னார்கள். ஒருவர் சொன்னதை எடுத்தால் மற்ற நால்வரும் கோபிப்பார்கள் என்று, ஐந்தையும் கூட்டி ஐந்தால் வகுத்தார். உலகத்தில் எந்தப் பெண்ணும் போட்டிராத ஓர் அளவு வந்தது.

முதல் தாச்சியை அந்தக் கணக்குப்படி ஏற்றினோம். நான் கிண்டினேன். வாசலில் இருந்து "நெருப்பைக் குறை" என்று ஒரு குரல், "கூட்டு" என்று இன்னொரு குரல். பாதியில் மழை தகரத்தில் விழத் தொடங்கியது. அதன்பிறகு ஒருவர் சொல்வதும் கேட்கவில்லை. எல்லோரும் கையை ஆட்டுவது மட்டும் தெரிந்தது. "இறக்கு" என்கிறார்கள் என்று நினைத்து இறக்கித் தட்டில் ஊற்றினேன். அவர்கள் சொன்னது "இறக்காத" என்று பிறகுதான் தெரியவந்தது.

ஒரு மணித்தியாலம் பார்த்துக்கொண்டிருந்தோம். அது இறுகவில்லை. சின்னவள் விரலால் தொட்டுப் பார்த்து, "அம்மா, இது ரொபியா, கஞ்சியா?" என்றாள்.

இரண்டாவது தாச்சியில் அந்தத் தவறு நடக்கக்கூடாது என்று கணவர் அகப்பையை வாங்கிக்கொண்டார். மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கிண்டினார். தேங்காய்ப்பூ முதலில் பொன்னிறமானது, பிறகு மண்ணிறமானது. "நேரம் இன்னும் முடியல்ல" என்று அவர் இறக்கவிடவில்லை. இந்த முறை நன்றாக இறுகியது. கத்தி இறங்கவில்லை. அண்ணன் சுத்தியலால் ஓர் அடி அடித்தார். ரொபி அப்படியே இருந்தது, தட்டு நெளிந்துவிட்டது.

வாசலில் யாரோ ஒருவர் மூக்கால் சிரித்தார். பிறகு எல்லோரும். அந்த வரிசையில் அப்படியொரு சிரிப்பை நான் அதுவரை கேட்டதில்லை. சிரித்ததற்காகத் தங்களையே கடிந்துகொள்கிறவர்கள் போல, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டும் சிரித்தார்கள்.

இன்னும் ஒரு தாச்சிக்குத்தான் சீனி மிச்சம் இருந்தது. நான் அகப்பையைப் பிடித்ததும் அக்காவுக்குப் பொறுக்கவில்லை. மழைக்குள்ளால் உள்ளே வந்தா. அகப்பையை வாங்கத்தான் போகிறா என்று எல்லோரும் வாசலில் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவ அகப்பையைத் தொடவில்லை. பின்னால் வந்து நின்று என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தா.

"நான் தாச்சியத் தொடல்ல. அகப்பையத் தொடல்ல. எல்லாரும் பாத்துக்கொள்ளுங்க" என்று வாசலுக்குச் சொல்லிவிட்டு, என் கையால் கிண்டத் தொடங்கினா.

அப்படியொரு பிடி! அடியில் வழித்து, ஓரத்தில் ஒதுக்கி, நடுவில் மடித்து, என் கை எனக்குத் தெரியாத வேலையெல்லாம் செய்தது. நான் சும்மா நின்றேன். "தோளை இறுக்காத புள்ள, கையை என்னட்ட விடு" என்று அதட்டினா. கலவை தாச்சியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வந்த நேரம் அவவுடைய பிடி ஒரு கணம் தளர்ந்தது. "எங்கட இவர் எப்பவும் இந்த நேரத்திலதான் வந்து கேட்பார், வழிச்சுத் தா எண்டு" என்று என் காதுக்குள் சொன்னா. நான் திரும்பவில்லை. உடனே மணிக்கட்டை ஓர் உலுக்கு உலுக்கி, "என்ன பாத்துக்கொண்டு நிக்கிறாய், இறக்கு!" என்றா.

ரொபி தட்டில் பரவிப் படிந்து, வெட்டினால் துண்டு துண்டாக எழும்பி வந்தது. கணவர் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, சீனி எவ்வளவு போட்டது என்று கேட்டார். "கண்ணளவு" என்றா அக்கா. அவர் கொப்பியை மூடினார்.

மறுநாள் மகள்மார் புதுச்சட்டை போட்டுக்கொண்டு பதினொரு வீட்டுக்கும் தட்டுக் கொண்டுபோனார்கள். முதல் தாச்சியையும் விடவில்லை. பிள்ளைகள் அதைக் கரண்டியால் சாப்பிட்டு, அதுதான் திறம் என்றார்கள். வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுப்பது மரியாதை இல்லையே. எல்லா வீட்டிலும் இருந்தது ஒரே நிவாரணச் சாமான். பதினொரு தட்டும் பருப்போடு திரும்பி வந்தது.

அந்த மாதம் முழுக்க மூன்று நேரமும் எங்கள் வீட்டில் பருப்புத்தான். கணவர் இரண்டாம் வாரத்திலேயே, அடுத்த வருசம் வேறு ஆராவது ரொபி கிண்டட்டும் என்று சொல்லிவிட்டார்.