சென்னை என்று நான் சொன்ன நாள்

அம்மாவுக்குத் தீக்காயம் பட்டு இரண்டு மாதம்கூட ஆகாத நேரத்தில் பல் மருத்துவக் கலந்தாய்வுக்கு எனக்கு அழைப்பு வந்தது.

புதுப்பட்டிப் பக்கம் ஒரு சிறிய பட்டாசுக் கம்பெனியில் அம்மா வேலை பார்த்தாள். தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் பக்கத்து அறையில் மருந்து உராய்ந்து தீப்பிடித்தது. அங்கே இருந்த இரண்டு பேரும் பிழைக்கவில்லை. அம்மா வெளியே ஓடி வந்துவிட்டாள். ஆனால் கன்னம், தாடை, கழுத்து எல்லாம் வெந்துபோயிருந்தது.

மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து திருத்தங்கல் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஒரு கட்டு ஐஸ் குச்சிகளை என் கையில் கொடுத்தார். காயம் ஆற ஆற வாயைச் சுற்றித் தோல் இறுகும், அப்படியே விட்டால் சோறு உண்ணக்கூட வாய் திறக்காது என்றார். அந்தத் தட்டைக் குச்சிகளை அடுக்கிப் பற்களுக்கு நடுவே வைத்து, நாளாக ஆக ஒவ்வொரு குச்சியாகக் கூட்டி, வாயைத் திறக்கப் பழக்க வேண்டும். தினமும் மூன்று வேளை. அது என் வேலையானது. அம்மா கண்ணீர் வழிய என் மணிக்கட்டைப் பிடித்துத் தள்ளுவாள். நான் விடமாட்டேன். பதினொரு குச்சி வரை கொண்டுவந்திருந்தேன்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் எனக்கு இடம் உறுதி. கட்டணம் எங்கே சேர்ந்தாலும் அரசு கட்டிவிடும். மதுரைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரி, சென்னையில் அரசுக் கல்லூரி. எதைக் கேட்பது என்பதுதான் கேள்வி.

“மதுரைன்னா வாராவாரம் வந்து அக்காவப் பாத்துக்கிடுவா. என்ன சொல்றீக அத்தான்?” என்றாள் சித்தி.

அப்பா அச்சாபீசில் மெஷின் ஓட்டுபவர். காலண்டர் சீசன் தொடங்கியிருந்தது. அவரால் பகலில் வீட்டில் இருக்க முடியாது. “மதுரையே போதும் தாயி” என்றார். நானும் தலையாட்டினேன்.

கலந்தாய்வு மண்டபத்தில் அப்பா என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த அம்மையார், “எந்தக் காலேஜ்மா?” என்று கேட்டார்.

“சென்னை” என்றேன்.

அப்பா திரும்பி என்னைப் பார்த்தார். வெளியே வந்த பிறகுதான் கேட்டார்: “வீட்ல பேசுனது ஒன்னு, இங்கன சொன்னது ஒன்னு. ஏன் தாயி?”

“அது நல்ல காலேஜ்ப்பா.”

பொய்யில்லை. ஆனால் காரணம் அதுவும் இல்லை. களிம்பு வாடை அடிக்கும் அம்மாவின் அறைக்குள் காலையில் நுழைய என்னால் முடியவில்லை. ஒவ்வொரு குச்சியைச் செருகும்போதும் அவளை நானே சுடுவதுபோல் இருந்தது. வாராவாரம் வர முடியாத தூரம் எனக்கு வேண்டியிருந்தது.

அம்மா சந்தோஷப்பட்டாள். தெருவில் எல்லோருக்கும் சொல்லச் சொன்னாள். குச்சி வைக்கும் முறையைச் சித்திக்கும் அப்பாவுக்கும் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனேன். தினமும் போனில் அம்மாவிடம் கேட்பேன். “வச்சேன்த்தா. பதிமூணு போகுது” என்பாள். பிறகு பதினைந்து என்றாள்.

பொங்கலுக்கு வந்தபோது அவள் கஞ்சியைக் கரண்டியால் உறிஞ்சிக்கொண்டிருந்தாள். குச்சிகளை எடுத்து வைத்துப் பார்த்தேன். ஆறாவது குச்சி நுழையவில்லை.

“ஏம்மா பொய் சொன்ன?”

“வலி தாங்கலத்தா. ஒன்கிட்டன்னா அழுவேன். இவுககிட்ட எப்படி அழ?”

அடுத்த வருஷம் மதுரையில் வாயின் இரு ஓரத்தையும் அறுத்துத் தோல் ஒட்டினார்கள். இப்போது இரண்டு விரல் அகலம் திறக்கிறது. இட்லியைப் பிட்டுச் சாப்பிடுகிறாள். சேவு என்றால் ஊற வைக்க வேண்டும்.

நான் இப்போது இறுதியாண்டு. நோயாளி வந்து உட்கார்ந்ததும் வாய் எவ்வளவு திறக்கிறது என்று அளக்க எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் அம்மாவின் வாய்க்குள் நுழையாத அந்த ஆறாவது குச்சி நினைவுக்கு வரும். அதைச் சுமக்க முடியாமல், போன விடுமுறையில், நான் சென்னையைக் கேட்ட காரணத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். கடைசிப் பல்லையும் உரித்துத் தட்டில் போட்டாள்.

“இத எதுக்கு இப்பச் சொல்ற?” என்றாள். “எம்பிள்ள நல்ல காலேஜுக்குத்தான் அம்புட்டுத் தூரம் போயிருக்கான்னு நெனச்சிக்கிட்டு இருந்தேன். அப்படியே நெனச்சிக்கிட்டு இருந்திருப்பேன்ல.”

அன்று முழுக்க என்னிடம் பேசவில்லை. மறுநாள் பஸ் ஏறினேன். இப்போதும் தினமும் போன் பேசுகிறாள். சாப்பாடு, மழை, சித்தி வீட்டுச் சண்டை எல்லாம் சொல்வாள். என் படிப்பைப் பற்றி மட்டும் கேட்பதில்லை.