அரியலூர்த் தமிழ் பேசிய அமெரிக்கர்

அவர் எல்லாரையும் 'நீ' என்றுதான் பேசுவார். இளம் வயதில் அரியலூர்ப் பக்கத்துச் சுண்ணாம்பு ஓடைகளில் புதைபடிவம் தேட வந்து, கூலிக்கு மண் தோண்டியவர்களிடம் தமிழ் கற்றுக்கொண்டவர். அவர்கள் தங்களுக்குள் பேசியதையே அவரும் பேசினார். கடைக்காரர் கைக்குழந்தையைக்கூட "வாங்க கண்ணு" என்று கூப்பிடுகிற எங்கள் குன்னூரில், எழுபது தாண்டிய ஒரு வெள்ளைக்காரர், "வா, உக்காரு, என்னா வேணும் ஒனக்கு?" என்று கேட்பது முதலில் எல்லாருக்கும் வேடிக்கையாக இருந்தது. முதலாளிக்கு மட்டும் அந்த வேடிக்கை சீக்கிரமே தீர்ந்துபோனது.

முதலாளிக்குக் கோத்தகிரி ரோட்டில் ஓடாமல் கிடந்த ஒரு தேயிலை ஃபேக்டரி இருந்தது. அமெரிக்காவில் ஒரு பெரிய அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்து ஓய்வு பெற்றவர் ஊட்டியில் வந்து தங்கியிருக்கிறார் என்று யாரோ சொல்ல, கார் அனுப்பிக் கூட்டிவந்தார். டிரஸ்ட் உருவானது. ஃபேக்டரியில் ஓர் இயற்கை அருங்காட்சியகம் அமைப்பது, அவர் அதற்கு இயக்குநர் என்று முடிவானது. அவருடைய விசாவும் அந்த டிரஸ்ட்டின் பேரில்தான் புதுப்பிக்கப்பட்டது. என் அப்பா சர்ச் பள்ளிக்கூடத்து வாத்தியார். நான் கோயம்புத்தூரில் நிலவியல் படித்துவிட்டு அதற்கு வேலை கிடைக்காமல் ஒரு தனியார் பள்ளியில் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அவருக்கு உதவியாளராக என்னை எடுத்தார்கள்.

முதல் மாதமே என்னை அழவைத்தார். ஒரு கண்ணாடிப் பெட்டிக்கு நான் எழுதிய விளக்க அட்டையை, பார்க்க வந்திருந்த கல்லூரி மாணவிகள் முன்னால் சத்தமாகப் படித்தார். 'கடலின் அரசன்' என்று எழுதியிருந்தேன். "அரசனா? யாரு முடிசூட்டுனா இதுக்கு?" என்று கேட்டு அட்டையை இரண்டாகக் கிழித்தார். மாணவிகள் சிரித்தார்கள். முன்பு தேயிலை வாட்டிய மேல்மாடிக்குப் போய் நின்று அழுதேன். பின்னாலேயே வந்தார். சமாதானப்படுத்த வருகிறார் என்று நினைத்தேன்.

"புள்ள, கீழ பெட்டி காலியா இருக்கு. வந்து எழுது."

அவ்வளவுதான் அவருடைய சமாதானம்.

அவருடைய வாழ்க்கையை எனக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவில்லை. கல்லாகிப்போன கடல் சங்குகளைத் தூரிகையால் துடைத்துக்கொண்டே, கையில் வேலை நிற்காமல், அவரே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சொன்னார். அவர் அப்பா வறண்ட ஊரில் மாடு வளர்த்தவர். பையன் ஓடையிலிருந்து முதல் எலும்பை எடுத்துவந்தபோது, அதைக் கோடரியின் பின்பக்கத்தால் உடைத்துவிட்டு, "இப்போ போய் மாட்டுக்குத் தண்ணி வை" என்றாராம். பதினேழு வயதில் வீட்டைவிட்டு வந்தவர் அப்பாவின் சாவுக்கும் போகவில்லை. படித்தார், பாலைவனங்களில் தோண்டினார், அரியலூருக்கு வந்தார், திரும்பிப் போய் அருங்காட்சியகத்தில் சேர்ந்தார், அதன் தலைவரும் ஆனார். மகள் பிறந்தபோது ஏதோ ஒரு பள்ளத்தில் எலும்பு உடையாமலிருக்கச் சாந்து பூசிக்கொண்டிருந்தாராம். மனைவி பிரிந்து போனதைப் பற்றி ஒரே வரிதான் சொன்னார்: "அவ சொன்னது சரிதான்."

தலைவரான பிறகு, நிதி குறைந்த ஒரு வருடத்தில் சங்கு, சிப்பிப் பிரிவையே மூடினார். அதில் ஆயுள் முழுக்க உழைத்தவர் இவருக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர். அவருடைய அறைக்குள் போய், கதவருகில் நின்றபடியே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்.

"அவர் அழுதாரா?" என்று கேட்டேன்.

"தெரியல. நான் வெளிய வந்துட்டேன்."

அதைச் சொல்லும்போதும் தூரிகை நிற்கவில்லை. அன்று அவரை எனக்குப் பிடிக்காமல் போனது. ஆனாலும் மறுநாள் வேலைக்குப் போனேன். அவரைப்போல ஒரு கல்லைப் பார்க்கச் சொல்லித்தர எனக்கு வேறு யாரும் கிடைக்கப் போவதில்லை என்று தெரிந்திருந்தது.

அருங்காட்சியகம் திறந்தோம். அரியலூர்ப் பக்கம் அனுமதியோடு சேகரித்த சங்குக் கற்கள், அவருடைய சொந்தச் சேகரிப்பு, அமெரிக்காவிலிருந்து வரவழைத்த ஒரு தொடை எலும்பின் வார்ப்பு. சீசனில் வந்த குடும்பங்கள் உள்ளே நுழைந்த வேகத்திலேயே வெளியே வந்தன. "டைனோசர் எங்கீங்க?" என்று என்னைக் கேட்டார்கள். தொடை எலும்பைக் காட்டினால், "முழுசா இல்லீங்களா?" என்றார்கள்.

முதலாளியின் மருமகன் அப்போது ஒரு யோசனை கொண்டுவந்தார். ஃபைபரில் செய்த டைனோசர்கள், தலையை ஆட்டும், உறுமும். அமெரிக்கர் மறுத்தார். முதலாளியைப் பார்த்து, "ஒனக்கு அறிவு இருக்கா?" என்று வேலைக்காரர்கள் முன்னால் கேட்டார். அரியலூர் ஓடையில் அது சாதாரணப் பேச்சாக இருந்திருக்கலாம். முதலாளி சிரித்துக்கொண்டே கைகூப்பிவிட்டுப் போனார். அந்தச் சிரிப்பைப் பார்த்து நான் பயந்தேன்.

அடுத்த வாரம் கூட்டம் என்று கூப்பிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் முதலாளியும் மருமகனும், இந்தப் பக்கம் அமெரிக்கரும் நானும். முதலாளி என்னை மட்டும் பார்த்துப் பேசினார்.

"அம்மணி, தொரைகிட்டச் சொல்லுங்க. அவரு பெரிய மனுசருங்க. நாம இல்லைன்னு சொல்லலீங்க."

"எனக்குப் புரியுது. என்னைப் பாத்துப் பேசு" என்றார் அமெரிக்கர்.

முதலாளி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. "தொரைக்கு வயசாயிப் போச்சுங்க. பேச்சும் சரியில்லீங்க, ஒருத்தருக்கும் புடிக்கலீங்க. நாளையிலிருந்து அவரு டைரக்டர் இல்லீங்க. சும்மா வந்து உக்காந்துட்டுப் போகட்டுங்க. இங்கிலீஷ்ல சொல்லுங்க அம்மணி."

நான் ஆங்கிலத்தில், டிரஸ்ட் சில மாற்றங்களை யோசிக்கிறது என்று ஆரம்பித்தேன். அமெரிக்கர் கையை உயர்த்தினார்.

"புள்ள, அவன் அப்புடிச் சொல்லல. சொன்னத அப்புடியே சொல்லு."

சொன்னேன். உங்களுக்கு வயதாகிவிட்டது. உங்கள் பேச்சு யாருக்கும் பிடிக்கவில்லை. நாளையிலிருந்து நீங்கள் இயக்குநர் இல்லை. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் தலையாட்டினார். மருமகன் ஃபோனில் எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"என் சங்கெல்லாம்?" என்று கேட்டார் அமெரிக்கர்.

"அதெல்லாம் டிரஸ்ட் சொத்துங்க அம்மணி. தொரையே மனசாரக் குடுத்ததுங்க."

ஃபைபர் டைனோசர்களின் திறப்பு விழாவுக்கு அவர் வந்தே ஆகவேண்டும் என்றார்கள். விசா புதுப்பிக்கும் மாதம் என்பதால் அவரால் மறுக்க முடியவில்லை. மாலை போட்டு, காக்கித் தொப்பி ஒன்றை மாட்டி, பல்லைக் காட்டுகிற ஃபைபர் மிருகத்தின் காலடியில் நிறுத்தினார்கள். 'அமெரிக்க டைனோசர் தாத்தா' என்று மைக்கில் அறிவித்தார்கள். உறுமல் கேட்டுக் குழந்தைகள் வீறிட்டு அழுதன; பெற்றோர்கள் அந்த அழுகையை வீடியோ எடுத்தார்கள். ஒரு சிறுமி மட்டும் அழாமல் அவரிடம் வந்து, "தாத்தா, நீங்க நெசமாலுமே டைனோசரப் பாத்திருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"எலும்பத்தான் பாத்தேன். இது எல்லாம் பொய்" என்றார்.

மைக் பக்கத்தில் இருந்தது. அரங்கம் முழுக்கக் கேட்டது.

மறுநாளிலிருந்து அவரை உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவு. அவர் வீட்டிலேயே இருந்தார். நான் வேலையை விடவில்லை. வீட்டில் என் சம்பளம் ஒன்றுதான். ஒரு நாள் காலை, வாசலில் புதிதாகக் கட்டிய செயற்கை நீரூற்றைச் சுற்றிக் கொத்தனார்கள் எதையோ பதித்துக்கொண்டிருந்தார்கள். கிட்டப் போய்ப் பார்த்தேன். அவருடைய சங்குக் கற்கள். அழகான சுருள் மேலே தெரிய, பாதி சிமெண்ட்டுக்குள் இறங்கியிருந்தன. பெட்டிகள் இருந்த இடத்தில் சாக்லேட் கடை வரப்போகிறது என்றார் மேஸ்திரி.

நேராக அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். சிறிய உளியையும் சுத்தியலையும் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்தார். வாட்ச்மேன் தடுத்ததும், வரிசையில் நின்று டிக்கெட் வாங்கினார். டிக்கெட்டைப் பார்த்த வாட்ச்மேன் என்ன செய்வதென்று தெரியாமல் வழிவிட்டார்.

நீரூற்றின் அருகில் மண்டியிட்டார். முழங்கால் மடங்க மறுத்ததால் ஒரு கையை ஊன்றிக்கொண்டார். கல்லைச் சுற்றியிருந்த சிமெண்ட்டை மெல்லக் கொத்தினார். அந்தக் கைகள் எத்தனை மெல்லிய எலும்புகளைப் பாறையிலிருந்து சேதமில்லாமல் பிரித்தவை என்பது எனக்குத் தெரியும். சிமெண்ட் இறுகியிருந்தது. கல் இரண்டாகப் போனது. அடுத்ததைக் கொத்தினார். அதுவும் உடைந்தது. மூன்றாவதில் உளியை வைத்தவர் கொத்தாமல் அப்படியே இருந்துவிட்டார். சுற்றிலும் ஆட்கள் ஃபோன்களை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். மருமகனும் எடுத்துக்கொண்டிருந்தார்.

'பொதுச் சொத்தை உடைக்கும் வெள்ளைக்காரர்' என்று அன்று மாலைக்குள் அந்த வீடியோ மலை முழுக்கச் சுற்றியது. கீழே சிரிப்புப் பொம்மைகள். ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். இன்ஸ்பெக்டரையும் "நீ" என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் அங்கே தமிழே பேசவில்லை. கேட்டதற்கெல்லாம் ஆங்கிலத்தில் "யெஸ் சார்" என்றார். யாரையும் அவர் "சார்" என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வழக்கு வேண்டாம், ஊரைவிட்டுப் போனால் போதும் என்று முதலாளி பெருந்தன்மையாகச் சொல்லியனுப்பினார்.

விமான நிலையத்துக்கு நான்தான் கூடப் போனேன். மலையிறங்கும் பர்லியார் வளைவுகளில் கண்ணை மூடிக்கொண்டே வந்தார். இறங்கும்போது ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். இத்தனை வருடம் கூட இருந்திருக்கிறேன்.

"நீ ஏன் இன்னும் அங்க வேலை பாக்குற?" என்றார். பதிலுக்கு நிற்கவில்லை.

திரும்பி வந்து ராஜினாமா கொடுத்தேன். கொஞ்ச நாள் வேலையில்லாமல் இருந்து, பிறகு கோத்தகிரியில் ஒரு பள்ளியில் சேர்ந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன்.

அடுத்த மழைக்காலத்தில் அவர் மகள் ஃபோன் செய்தார். முதியோர் இல்லத்தில் இறந்துவிட்டாராம். அவர் தலைவராக இருந்த அருங்காட்சியகம் தன் இணையப் பக்கத்தில் ஒரு இரங்கல் குறிப்பு போட்டிருந்தது. தோண்டிய பாலைவனங்கள், எழுதிய கட்டுரைகள், கட்டிய அரங்குகள் எல்லாம் இருந்தன. எங்கள் மலையைப் பற்றி, ஓய்வுக்குப் பின் சில காலம் வெளிநாட்டில் இருந்தார் என்று மட்டும் இருந்தது.

அவர் விட்டுப்போன சாமான்கள் என் வீட்டில் ஒரு பெட்டியில் இருப்பதாக மகளிடம் சொன்னேன். கோட்டு, பூட்ஸ், தூரிகைகள். வேண்டுமானால் அனுப்புகிறேன் என்றேன்.



"அவர் உங்களிடம் அன்பாக இருந்தாரா?" என்று மகள் கேட்டார்.

இல்லை என்றேன்.

"சரி" என்றார். குரலில் ஏதோ ஒரு நிம்மதி. "அனுப்ப வேண்டாம். தூக்கிப் போட்டுவிடுங்கள்."

பூட்ஸை எடுத்துக்கொள்ள ஆளில்லை, அத்தனை பெரிய கால் இங்கே யாருக்கும் கிடையாது. குப்பை வண்டியில் போட்டேன். கோட்டு எங்கள் பள்ளி வாட்ச்மேனுக்குப் போனது. தூரிகைகளைப் பள்ளி ஆய்வகத்தில் வைத்திருக்கிறேன். பிள்ளைகள் அவற்றால் கரும்பலகைத் தட்டில் விழுந்த சாக்பீஸ் பொடியைக் கூட்டுகிறார்கள்.