வெளுத்துக் கழுவிய பஞ்சு

எங்கள் வீட்டுத் தொட்டியில் மீன்கள் செத்ததற்கு என் மாமனார் காரணமல்ல. நான்தான் கொன்றேன். பழியை அவர் தலையில் போட்டதும் நான்தான்!

முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன். சுற்றி வளைத்துத் தொடங்கியிருந்தால் எனக்கு நானே நியாயம் கற்பித்திருப்பேன். அதில் நான் கெட்டிக்காரி.

கெட்டிக்காரி என்பதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை... இல்லை, தற்பெருமைதான். கஞ்சிக்கோட்டில் ஒரு தொழிற்சாலையில் மோட்டார்களையும் குழாய்களையும் பராமரிக்கும் பிரிவில் வேலை பார்க்கிறேன். தண்ணீர் எந்த வளைவில் திணறும், எந்த இணைப்பில் கசியும் என்பது குழாயில் கை வைத்தாலே எனக்குத் தெரிந்துவிடும். மீன் தொட்டிக்கு வடிகட்டி வேண்டுமென்று கடையில் கேட்டபோது ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவைக் காட்டினார்கள். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. சம்ப்பை நானே கட்டினேன்.

சம்ப் என்றால் பெரிய வித்தையில்லை. மேலே மீன் தொட்டி. அதன் கீழே அலமாரிக்குள் இன்னொரு கண்ணாடித் தொட்டி. மேலே நிரம்பி வழியும் தண்ணீர் குழாய் வழியாகக் கீழே இறங்கும். கண்ணாடித் தடுப்புகளுக்கிடையே முதலில் பஞ்சு, அடுத்துப் பீங்கான் வளையங்கள், கடைசி அறையில் மோட்டார். அங்கிருந்து தெளிந்த நீர் இன்னொரு குழாயில் மறுபடி மேலே ஏறும். கரண்ட் போனால் மேலேயிருக்கும் தண்ணீர் அதே குழாயில் பின்னோக்கி இறங்கி வீட்டையே குளமாக்கிவிடும். முதன்முதலாகச் செய்கிறவர்கள் கோட்டைவிடும் இடம் அது. நான் நீர்மட்டத்தை ஒட்டிக் குழாயில் ஒரு சிறு துளை போட்டேன். அந்த அளவுக்கு நீர் இறங்கியதும் துளை காற்றை இழுக்கும், ஓட்டம் அறுந்துவிடும். மெயின் சுவிட்சை அணைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு வழியவில்லை!

மாமனார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனம்மிணி, நம்ம தென்னந்தோப்புக்கே இத்தன பைப்பு போடலியே?"

முட்டி தேய்ந்துபோய், அவர் தோப்புக்குப் போவதை நிறுத்தியிருந்த காலம் அது. கொழிஞ்சாம்பாறைப் பக்கம் இன்னும் பத்து ஏக்கர் வெட்டிப் பார்க்கத் தெம்புள்ள மனம், எழுந்து நடக்க விடாத கால். காப்பி ஆறிப்போனாலும் கத்துவார், சுட்டாலும் கத்துவார். தொட்டி வந்த பிறகு அந்தக் கத்தல் நின்றது. தங்கமீன்களில் தலைமேல் சதைத்திரள் கொண்ட பெரியது ஒன்றுக்குக் கொண்டையன் என்று பெயர் வைத்தார். அது அவர் விரல் நுனியிலிருந்து பொரி வாங்கித் தின்னும். கோயில் குளத்து மீனுக்கே பொரி போட்டுப் பழகிய கை அல்லவா!

"கொஞ்சமாப் போடுங்க மாமா. மீந்தா அழுகிப்போயிருமுங்க" என்பேன்.

"நீ பைப்பப் பாரு, நான் பசியப் பாக்கறேன்" என்பார்.

உண்மை என்னவென்றால், அவர் போட்ட பொரியை என் சம்ப் அநாயாசமாகத் தாங்கியது. மாதக் கணக்கில் தாங்கியது. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கலுக்கு என் கணவரின் அக்கா குடும்பத்தோடு வருவதாகச் சொன்னார். எங்கள் வழக்கில் அவர் எனக்கு நங்கை. வண்டன்மேட்டில் ஏலத்தோட்டக்காரருக்கு வாழ்க்கைப்பட்டவர். வீட்டுக்குள் காலெடுத்து வைத்ததும் மூக்கை உறிஞ்சுவதும், சுவிட்சின் மேல் விரலைத் தடவிப் பார்ப்பதும் அவர் சுபாவம். போன முறை என் அடுக்களையைப் பற்றி அவர் சொன்னதை நான் மறக்கவில்லை. இந்த முறை அலமாரிக் கதவைத் திறந்து காட்டி அசத்திவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

வீடு முழுவதும் ஒட்டடை அடித்து, ஜன்னல்களைத் துடைத்து, கடைசியாக அலமாரியைத் திறந்தேன். பஞ்சு பழுப்பேறிக் கிடந்தது. வளையங்கள் மேல் வழுவழுவென்று ஒரு படலம். நங்கையின் மூக்கு என் கண்முன் வந்தது!

அந்தப் பழுப்பு அழுக்கல்ல. மீன் கழிவின் நஞ்சைத் தின்று தீர்க்கும் நுண்ணுயிர்கள் குடியிருப்பது அதில்தான். அதை வெறும் குழாய்த் தண்ணீரில்கூட அலசக்கூடாது, தொட்டியிலிருந்தே எடுத்த நீரில் லேசாகப் பிழிய வேண்டும். எனக்குத் தெரியாதா? தெரியும்! என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் நானே பாடம் எடுத்திருக்கிறேன்.

தெரிந்தேதான் செய்தேன். கிணற்றில் போட வைத்திருந்த பிளீச்சிங் பவுடரைக் கரைத்து, பஞ்சையும் வளையங்களையும் ஊறவைத்தேன். நன்றாக அலசி, மொட்டைமாடி வெயிலில் காயப்போட்டேன். எல்லாம் பால்போல் வெளுத்துவிட்டன; காய்ந்ததும் திரும்ப சம்ப்பில் அடுக்கினேன். ஒரு முறைதானே, என் சம்ப்புக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். அன்று என்னை ஆட்டி வைத்தது அறியாமை அல்ல... திமிர்!

நங்கை வந்தார். கதவைத் திறந்து காட்டினேன். "அட, ஊட்டுச் சாமி ரூமு கூட இத்தன சுத்தமா இருக்காது புள்ள!" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு நான் எவ்வளவு பூரித்துப்போனேன் தெரியுமா? மாமனாருக்கும் உற்சாகம். மகள் பார்க்க வேண்டுமென்று கொண்டையனுக்கு விரலால் ஊட்டினார், கூடவே ஒரு கை பொரியை அள்ளியும் தூவினார்.

மாட்டுப்பொங்கல் கழிந்த காலையில் தண்ணீர் கலங்கியிருந்தது. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பார்த்த கணமே எனக்குப் புரிந்துவிட்டது. பதறிப் போய்த் தண்ணீரை மாற்றினேன். பயனில்லை. ஒவ்வொன்றாக மல்லாந்தன. கடைசியாகக் கொண்டையன். மாமனார் அதை உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"அப்பா, நீங்க அள்ளி அள்ளிப் போட்டீங்கள்ல? அதுதான்" என்றார் நங்கை. பிறகு என் பக்கம் திரும்பி, "அப்படித்தான புள்ள? உனக்குத்தான தெரியும்" என்றார்.

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள்.

"பொரி அழுகுனா தண்ணி கெட்டுப்போயிருமுங்க நங்கையா" என்றேன்.

கவனித்தீர்களா? அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை! பொய் சொல்லாமலேயே ஒரு மனிதரைக் கொலைகாரராக்க முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

மாமனார் கொண்டையனைத் தென்னை மரத்தடியில் புதைக்கச் சொன்னார். பொரி டப்பாவைத் தானே எடுத்துப்போய்க் குப்பையில் கொட்டினார்.

ஏன் அன்றே சொல்லவில்லை? நங்கையின் நாக்குக்குப் பயந்தேன். அவர் ஊருக்குப் போன பிறகு? அப்போது யாருக்குப் பயந்தேன்?

ஒரு முறை முயன்றேன். புதுமீன்கள் விட்டு, தொட்டி மீண்டும் தெளிந்திருந்த ஒரு மாலையில் அவரருகே போய் உட்கார்ந்தேன்.

"மாமா, அன்னைக்கு மீனு செத்தது உங்களால இல்லீங்க."

அவர் என் தலையில் கை வைத்தார். "எம்மனசு நோகக்கூடாதுன்னு சொல்ற அம்மிணி. உனக்கு நல்ல மனசு."

அடுத்த வாக்கியம் என் நாக்கில் தயாராக இருந்தது. "நான்தாங்க மாமா" என்று இரண்டே சொல். சொல்லவில்லை. அந்த நல்ல மனசையும் வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்று என் சம்ப் ஊரறிந்தது. கொழிஞ்சாம்பாறையிலிருந்தும் சித்தூரிலிருந்தும் ஆட்கள் வந்து பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டுக்கும் கட்டித் தரச் சொல்கிறார்கள். நன்றாகவே கட்டித் தருகிறேன். என் குழாய்களில் இன்றுவரை யாரும் குறை கண்டதில்லை. பஞ்சை எப்படி அலச வேண்டும் என்று குரல் நடுங்காமல் சொல்லித் தருகிறேன்.

மாமனாரின் நாற்காலி தொட்டிக்கு எதிர்ச்சுவரோரம் போய்விட்டது. மீன்கள் கண்ணாடியருகே வந்து அலைந்தாலும் அவர் எழுந்து வருவதில்லை. கைகளைத் துண்டுக்குள் வைத்துக்கொள்கிறார். கேட்டால், "எங் கை ராசியில்லாத கை அம்மிணி" என்கிறார்.

வருகிறவர்களிடம் அவரே முந்திக்கொண்டு சொல்கிறார். நேற்று வந்த தம்பதியிடமும் சொன்னார். நான் காப்பித் தட்டோடு வாசற்படியில் நின்றிருந்தேன்.

"மொத இருந்த மீனையெல்லாம் நாந்தானுங்க கொன்னுபோட்டேன். அம்மிணி சொல்லச் சொல்லக் கேக்கலீங்க. நீங்களாச்சும் அம்மிணி சொல்றபடி கேளுங்க."

அவர்கள் இருவரும் நிமிர்ந்து என்னை மரியாதையோடு பார்த்தார்கள்.

நான் காப்பியை நீட்டினேன். "சக்கர போதுமாங்க?" என்று கேட்டேன்.